காலி வீட்டில் கலியாண வீடு

எங்கள் தீவில் இலக்கம் சொல்லி யாரும் வீடு தேடுவதில்லை. ஊர்ப் பெயர் சொல்லித்தான் தேடுவார்கள், அதுவும் எங்கள் ஊர்ப் பெயர் அல்ல. ஒரு காலத்தில் நயினாதீவு ஆண்களில் பாதிப்பேர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார்கள். கடைகள் கைமாறிப் போய்விட்டன, பெயர்கள் மட்டும் வீடுகளில் ஒட்டிக்கொண்டன. எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், வலப்பக்கம் பதுளை வீடு, எதிர்ப்பக்கம் மாத்தறை வீடு, எங்களது காலி வீடு. கோயிலடியில் பழையது, புதியது என்று இரண்டு கண்டி வீடுகள் உண்டு. அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நான் காலி நகரத்துக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் பிறந்த நாளிலிருந்து காலி வீட்டுப் பிள்ளை.

இந்த விவரம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டது ஒரு செயலி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். பருப்புப் போட்டால் வேகாது, தேத்தண்ணீர் போட்டால் வாயில் வைக்க ஏலாது. குடிக்கவும் சமைக்கவும் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்திலிருந்து பவுசர் என்ற தண்ணீர் லொறி வர வேண்டும். யார் வீட்டுக்கு எப்போது பவுசர் என்பதை ஒழுங்கு செய்ய, ஊர்த் தண்ணீர்க் குழுவுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டம் அந்தச் செயலியை அன்பளிப்பாகத் தந்தது. நான் குழுவின் செயலாளர். ரியூசன் நிலையத்தில் கணினி படிப்பிக்கிறவள் என்பதால் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் நாளே பதுளை வீட்டு அக்கா தண்ணீர் கேட்டார். செயலி வரைபடத்தில் நேரே மலைநாட்டுப் பதுளைக்குப் போய் ஒரு சிவப்புப் புள்ளியைக் குத்தி, பவுசர் வந்துசேர எட்டு மணித்தியாலம் என்று காட்டியது. இடையில் ஒரு கடல் கிடப்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

"மலையிலையிருந்தோ வருது? நல்லதாப் போச்சு, குளிர்த் தண்ணி. வரட்டும், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார் அக்கா.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. நாங்கள் எல்லோரும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, செயலியின் வருடச் சந்தாவை டொலரில் கட்டச் சொல்லி அறிவித்தல் வந்தது. டொலரை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருந்தோம். ஒரு காலை செயலியைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. தீவின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் எந்த நாட்டிலோ எந்தக் கட்டடத்திலோ பூட்டிக் கிடந்தது. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத ஏலாது.

அதைத் திருத்துவதற்கென்று யாரோ சொல்லி, பக்கத்துத் தீவிலுள்ள சரவணை என்ற ஊரிலிருந்து ஒருவர் படகேறி வந்தார். கொழும்பில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, ஊரிலிருந்தே வேலை செய்யலாம் என்று திரும்பி வந்தவர். வந்து, வெள்ளைத் திரையைப் பார்த்து, எங்கள் பலகாரத்தையும் சாப்பிட்டு முடித்த பிறகு வாயைத் திறந்தார்.

"உதைத் திருத்தேலாது. நாங்களே ஒண்டு செய்வம்."

"சரவணையிலையிருந்து வந்து எங்களுக்குப் படிப்பிக்கப் போறீரோ?" என்று பாய்ந்தேன்.

"இல்லை, நீரும்தான் செய்யப்போறீர்" என்றார்.

அந்த ஆளைத்தான் நான் கட்டினேன். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, முதலில் மெசினைச் சொல்லி முடிக்கிறேன்.

மெசின் என்றால் ஒரு பழைய கணினி. சனசமூக நிலையத்தில் பத்திரிகைகள் அடுக்கும் அலுமாரிக்கு மேல் அதை ஏற்றி, கூரையில் சூரியத் தகடு பூட்டி, சிம் அட்டை போட்ட ஒரு கைத்தொலைபேசியை அதோடு இணைத்தோம். ஆட்கள் அந்த இலக்கத்துக்கு எடுத்துத் தண்ணீர் கேட்டால் போதும். மெசின் கேட்டு, எழுதி, பவுசருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். தட்டச்சும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. பழுதுபட்டால் யாருக்கும் மின்னஞ்சல் போட்டுக் கெஞ்சத் தேவையில்லை, ஏணி இருந்தால் போதும்.

மெசினைக் கேட்கவைக்கத்தான் பாடுபட்டோம். பேச்சை எழுத்தாக்கும் ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அது கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியத் தமிழைக் கேட்டு வளர்ந்தது. நாரந்தனையிலிருந்து வந்து எங்கள் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடிக்கும் கத்தோலிக்க அண்ணை ஒருவர்தான் முதலில் பரீட்சித்துப் பார்த்தார். ரண்டு கான் தண்ணி போதுமோ என்று மெசின் கேட்டது. ஆம் என்பதற்கு எங்கள் வழக்கப்படி ஓம் என்றார் அவர். திரையில் 'ஓம் நமசிவாய' என்று வந்தது. பலத்து இன்னொரு தரம் ஓம் என்றார். மறுபடியும் நமசிவாய!

"பிள்ளை, நான் தண்ணி கேட்டனான். உது என்னைச் சைவமாக்கிப் போட்டுது. சுவாமியாருக்குத் தெரிஞ்சால் நான் என்னத்தைச் சொல்ல?"

பிறகு அதே அண்ணைதான் ஒரு பின்னேரம் முழுக்கக் கதிரையில் இருந்து மெசினுக்கு ஓம் படிப்பித்தார். சம்மதத்துக்கு ஒரு ஓம், அரைமனதுக்கு ஒரு ஓம், நம்பாமல் சொல்லும் ஓமோம், மனுசிக்குச் சொல்லும் ஓமெண்டுறன். இத்தனை விதம் இருக்கிறது என்று அதுவரை எங்களுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு தீவு முழுவதையும் கூப்பிட்டோம். காற்றுச் சத்தம் வராமல் யன்னல்களில் மெத்தையைச் சாத்தி, ஆளாளுக்குச் சில வசனங்களைப் பேசச் சொன்னோம். தொடக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தவர்கள் பிறகு எழும்பிப் போகமாட்டோம் என்றார்கள். பழைய கண்டி வீட்டு அக்கா கொடுத்த நேரம் முழுக்கப் புருசனைத் திட்டித் தீர்த்தார். அதன் விளைவாகக் கொஞ்சக் காலம் மெசின், விளங்காத சத்தம் எது வந்தாலும், 'உந்த மனிசன்' என்று எழுதி வைத்தது. அலுமாரிக்குக் கீழே நின்று நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். வேலை ஓடவில்லை. அவ்வளவு சந்தோசமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மெசின் பேசுவதற்குக் குரல் வேண்டுமே. என் குரலைப் பதிந்தோம். உடனே ஊர் அதற்குத் 'தண்ணிப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டது. எங்களிடத்தில் திருமணம் நடந்தால் கலியாண வீடு, மரணம் நடந்தால் செத்த வீடு என்றுதானே சொல்வோம்? தொடங்கிய புதிதில் ஒரு பெரியவர் எடுத்து, செத்த வீடு, அவசரமாத் தண்ணி வேணும் என்று கேட்டிருக்கிறார். வீட்டுப் பெயர்களில் அப்படி ஒன்றைக் காணாமல் என் குரல் மிகப் பணிவாக விசாரித்தது.

"செத்த வீடு எங்கை இருக்கு?"

"அது எல்லா ஒழுங்கையிலையும் வரும் பிள்ளை, ஆறுதலா வரட்டும்" என்றாராம் அவர்.

இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து அதை ஆளாக்கினோம். நெடுந்தீவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கோயில் வாசலில் கச்சான் கடலை விற்கிறவரே கியூஆர் அட்டை தொங்கவிடுகிற காலம். நாடு டிஜிட்டல் ஆகிறது என்று செய்தியில் தினமும் சொன்னார்கள். சொல்லட்டும். எங்கள் அலுமாரிக்கு மேல் இருந்தது எங்களுடையது. நான் தலை நிமிர்ந்து திரிந்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

இனிக் கலியாணம். இவருடைய அம்மா, எனக்கு மாமி, சரவணையில் தனியாக இருந்தார். மற்ற இரண்டு பிள்ளைகளும் கனடாவில். இவரையும் அங்கே எடுக்க எல்லா அலுவலும் பார்த்து வைத்திருந்தார்கள். கட்டுகிறவளையும் சேர்த்து எடுப்பதாகவே பேச்சு. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். மாமிக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

"பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் மெசினிட்டைக் கெஞ்சித் தண்ணி வாங்கிற ஊரிலை என்ரை மகன் குடும்பம் நடத்தேலாது. ரண்டு பேரும் கனடாவுக்குப் போங்கோ. கலியாணம் வேணுமெண்டால் அவையின்ரை வீட்டிலையே நடக்கட்டும், நான் வந்து பாக்கிறன். தண்ணிக்கு ஒருக்கால் தட்டுப்பாடு வந்தாலும் கனடாதான், மறுபேச்சு இல்லை. கலியாணத்துக்கு அடுத்த நாள் என்ரை முடிவைச் சொல்லுறன்."

இந்த மனிதர் அங்கேயே தலையாட்டிவிட்டு வந்து எனக்குச் சொல்கிறார்.

"ஆரைக் கேட்டு ஓமெண்டு சொன்னனீர்?"

"ஏன், எங்கட மெசினிலை உமக்கு நம்பிக்கை இல்லையோ?"

அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? கனடா எனக்குப் பகையில்லை. ஆனால் நான் செய்த ஒரு சாமானை நம்பி ஒரு ஊர் வாழ்கிறது. அதை விட்டுவிட்டுப் போய் வேறு யாரோ செய்ததற்கு வேலைக்காரியாக இருக்க மனம் வரவில்லை. இந்தத் தீவில்தான் இருப்போம், மாமியின் கண்ணுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் என்று நானும் சூளுரைத்தேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலைப் படகில் மாமியும் அவர்கள் ஆட்களும் வந்து இறங்கினார்கள். மாத்தறை வீட்டுக்காரர் இலண்டனில், பூட்டிய வீட்டின் திறப்பை எங்களிடம் தந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அங்கே இருத்தினோம். எங்கள் வீட்டிலோ பந்தல்காரர், சமையல்காரர், சொந்தக்காரர், அவர்களின் சொந்தக்காரர். வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்தே தண்ணீர்த் தாங்கியை முடித்துவிட்டார்கள். பின்னேரம் சமையல்காரர் வந்து பெரிய சமையல் கிடாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தங்கச்சி, தண்ணி இல்லை."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு கையிலும் மருதோன்றி. அம்மா தொலைபேசியை என் காதடியில் பிடித்தார். சமையல்காரருக்குக் கண்ணடித்துவிட்டுக் கம்பீரமாகச் சொன்னேன்.

"காலி வீட்டிலை கலியாண வீடு. ரண்டு பவுசர் தண்ணி வேணும்."

தேன் ஒழுக ஒழுக என் குரல் எனக்குப் பதில் சொன்னது.

"நல்லது. உங்கட வீட்டிலை ஆக்கள் இல்லை எண்டு பதிஞ்சிட்டன். தண்ணியை மிச்சம் பிடிச்சதுக்கு நன்றி."

திகைத்துப் போனேன். மறுபடி எடுக்கச் சொன்னேன். அதே பதில், அதே நன்றி. முற்றத்தில் கால் வைக்க இடமில்லாமல் சனம். "ஆக்கள் இல்லையோ? அப்ப நான் ஆர்? இவ்வளவு சனமும் ஆர்?" என்று கத்தினேன்.

"விளங்கேல்லை. கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ."

என் குரல் இவ்வளவு எரிச்சல் மூட்டும் என்று அன்றுதான் தெரிந்தது. வாழைக்குலையோடு போய்க்கொண்டிருந்த அப்பா ஒரு கணம் நின்றார்.

"இப்ப விளங்குதோ நாங்கள் படுற பாடு?"

கலியாணத்துக்கு முதல் நாள் பொம்பிளையும் மாப்பிள்ளையும் பேசக்கூடாதாம். பேசினேன். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இவர் தொலைபேசியை எடுத்ததும் நடந்ததைச் சொன்னேன்.

"நான் போன கிழமை ஒரு சின்ன வேலை செய்தனான்" என்றார்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் வீணாகப் போகிறது என்று குழு குறைப்பட்டிருந்தது. ஆளில்லாத வீட்டை யாராவது அழைத்துச் சொன்னால், மெசின் அந்த வீட்டை நிறுத்திவிட்டு அதன் பங்கை வரிசையில் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கட்டும் என்று இவர் எழுதியிருக்கிறார். ஆளில்லாத வீட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள் அல்லவா? அதற்காக அந்தக் கரையிலிருந்து ஒரு சொற்கோவையை இறக்கி அப்படியே உள்ளே போட்டிருக்கிறார். பூட்டிய, வெற்று, ஆளில்லாத, காலி.

"எங்கட ஊரிலை ஆராவது வெறும் வீட்டைக் காலி வீடு எண்டு சொல்லுறவையோ?"

"இல்லை. இந்தியாவிலை சொல்லுவினம்."

"அப்ப கலியாணம் இந்தியாவிலையோ நடக்குது? உமக்கு விசரோ?"

"உமக்கு ஒரு கலியாணப் பரிசா இருக்கட்டும் எண்டுதான் சொல்லாமல் செய்தனான்" என்றார் பாவமாக.

பரிசு! எல்லாவற்றையும் நாங்களே செய்தோம் என்று மார்தட்டித் திரிந்தோம். ஒரு சொல்லை யோசிக்காமல் வெளியிலிருந்து எடுத்துப் போட்டோம், அது முழு வீட்டையும் துடைத்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதே நேரம் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கல் எடுத்தது.

இவர் அங்கிருந்தே அந்தச் சொல்லைத் தூக்கினார். ஆனால் காலையில் அப்பா எடுத்துக் காலி வீடு என்று தண்ணீர் கேட்டு, பதிலைக் கேளாமல் வைத்தபோதே, எங்கள் இரண்டு பவுசரும் வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன. அடுத்த வீடு எது? மாத்தறை வீடு! அதாவது மாமி இருக்கும் வீடு. அங்கே தாங்கி நிரம்பி, வாளிகள் நிரம்பி, மிச்சம் வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. பவுசர் அண்ணைக்கு எடுத்தேன். அவர் பவுசரைப் பூட்டித் திறப்பையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் கலியாணத்துக்கு மேளக்காரரைக் கூட்டிவரக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறியிருந்தார்.

"மெசின் சொன்னது, குடுத்தனான். மாப்பிள்ளை வீட்டார் நல்லாக் குளிப்பினமாக்கும் எண்டு நினைச்சன்!" என்று படகுச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

அவர் திரும்பி வரும்போது நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். முகூர்த்தமோ காலையில். சமையல் இப்போதே தொடங்க வேண்டும். தண்ணீர் கண்ணுக்கு முன்னால், ஒழுங்கையைத் தாண்டினால் இருக்கிறது. ஆனால் போய்க் கேட்டால் மாமிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் கனடா. அம்மா தலையில் கை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார்.

பெரியம்மாதான் எழும்பினார்.

"ஏன் எல்லாரும் செத்த வீடு மாதிரி நிக்கிறியள்? மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் குடுக்க ஆரும் தடுக்கேலாது. தட்டத்திலை அரியதரம், மறு கையிலை கேத்தில். போகேக்கை கேத்தில் வெறும் கேத்தில், வரேக்கை நிறைஞ்ச கேத்தில். நடவுங்கோ!"

மாமி மாத்தறை வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் அரியதரமும் பயற்றம் பணியாரமும் நீட்டினார்கள், பிரயாணம் எப்படி என்று விசாரித்தார்கள், அப்படியே பின்பக்கம் நழுவினார்கள். பின்பக்கத்தில் மாப்பிள்ளை, நாளைக்குத் தாலி கட்டப் போகிறவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேத்தில்களை நிரப்பினார். நான் எங்கள் மதிலோரம் ஒரு கதிரையில் ஏறி நின்று, மருதோன்றிக் கைகளை மேலே தூக்கியபடி எட்டி எட்டிப் பார்த்தேன். கேத்தில் போனது, குடம் போனது, பால்கான் போனது. ஒருவர் இடியப்பச் சட்டியைத் துணியால் மூடிக்கொண்டு ஊர்வலம் போல நடந்து வந்தார். சமையல்காரர் ஒவ்வொன்றையும் கிடாரத்தில் ஊற்றி, போதாது போதாது என்று சைகை காட்டினார். ஒழுங்கை முழுக்க ஈரம்.

பெரியம்மா மூன்றாவது தரம் தட்டத்தோடு போனபோது மாமி கையை மறித்தார். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தங்கச்சி, எனக்குச் சீனி வருத்தம். இதுக்கு மேலை பலகாரம் தந்தியள் எண்டால் நாளைக்கு ரண்டு சடங்கு செய்யவேண்டி வரும். தண்ணி வேணுமெண்டால் தண்ணியை எடுங்கோ."

பெரியம்மா அசையவில்லை. ஒழுங்கையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பின்பக்கத்திலிருந்து இவர் ஈரச் சாரத்தோடு எட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். குளிர்ச் சட்டை போட்ட என்னையே கண்ணுக்குள் கண்டேன்.

மாமி எழும்பினார், சேலைத் தலைப்பைச் செருகினார், மாத்தறை வீட்டுத் தோட்டத்தில் சுருட்டிக் கிடந்த றப்பர்க் குழாயை மகனிடம் காட்டினார்.

"படிச்ச பிள்ளைக்குக் கேத்தில்தானோ கண்ணுக்குத் தெரிஞ்சது? அதைத் தாங்கியிலை கொழுவி இழு."

குழாய் தாங்கியிலிருந்து மதிலேறி, ஒழுங்கையைக் கடந்து, எங்கள் வாசல் படலைக்குள் வந்தது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக் கடந்தார்கள். கிடாரத்தில் தண்ணீர் விழுந்த சத்தத்துக்குச் சமையல்காரர் கைதட்டினார், பந்தல்காரர் விசிலடித்தார். மாமி குழாயின் பின்னாலேயே நடந்து எங்கள் முற்றத்துக்கு வந்து, கதிரையில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இறங்கும் பிள்ளை, விழப்போறீர்."

"மாமி, அந்தக் கனடாக் கதை..."

"அடுத்த நாள் சொல்லுறன் எண்டெல்லோ சொன்னனான்? நான் பேச்சு மாறமாட்டன்."

கலியாணம் நல்லபடி நடந்தது. பருப்பு வெந்தது. மேளக்காரர் வந்தார்கள், தாலி ஏறியது, நாரந்தனை அண்ணை தன் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து மூன்று தரம் சாப்பிட்டார். எல்லோரும் சிரித்த முகத்தோடு நின்ற படங்களில் நான் மட்டும் மாமியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் முகத்தில் ஒன்றையும் வாசிக்க ஏலாது. மணவறையில் இவரிடம் குசுகுசுத்தேன், கனடாவில் குளிர் எவ்வளவு என்று. "பாப்பம்" என்றார் இவர். அந்தப் பாப்பத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அடுத்த நாள் காலை சொந்தக்காரர் எல்லோரும் முதல் படகுக்குப் போய்விட்டார்கள். குசினியில் அப்பா, அம்மா, நான், இவர். மாமி வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அந்தத் தண்ணிப்பிள்ளைக்கு எடுத்துத் தாரும்."

எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். மாமி தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து, காது கேளாதவரோடு பேசுகிறவர் போலச் சத்தமாகச் சொன்னார்.

"காலி வீடு. ஆக்கள் இருக்கிற வீடு. இனித் தண்ணி ஒழுங்கா வரோணும்."

"நல்லது. காலி வீடு. வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள்?" என்றது என் குரல்.

"அஞ்சு பேர்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். மாமி போகவேண்டாம் என்கிறார்! அப்படியானால் நாங்கள் இங்கேதான்! எழும்பிக் குதிக்கப் போனேன். அதற்குள் அம்மா விரல் மடித்து எண்ணினார்: அப்பா, அம்மா, நான், இவர். நாலு. அம்மாவின் பார்வை மெல்ல என் வயிற்றுப் பக்கம் இறங்கியது.

"நேற்றுத்தானே தாலி ஏறினது..." என்று இழுத்தார்.

"அம்மா!" என்று கத்தினேன். முகம் கொதித்தது. அப்பா எழும்பி வெளியே போகப் பார்த்தார்.

"உங்கட நினைப்பைப் பாருங்கோவன்! அஞ்சாவது ஆள் நான்" என்றார் மாமி.

மாமி மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தட்டுப்பாடு வந்தது உண்மைதான். கண்ணாலை பாத்தனான். கனடா எண்டு சொல்லத்தான் இருந்தனான். ஆனால் பிள்ளை, மெசின் இஞ்சை ஆளில்லை எண்டு சொன்ன உடனை எத்தினை சனம் ஓடி வந்தது! சரவணையிலை என்ரை வீட்டிலை ஆளிருக்கோ எண்டு கேக்க ஒரு மெசினும் இல்லை, ஒரு சனமும் இல்லை. இந்தியாக்காரர் சொல்லுற காலி வீடு அதுதான். உங்களைக் கனடாவுக்கு அனுப்பிப்போட்டு அந்த வீட்டுக்கை நான் திரும்பிப் போகோணுமே?"

மாதக்கணக்காக நான் மாமியோடு மனத்துக்குள் சண்டை பிடித்திருந்தேன், கனடாவுக்கு எதிராக, அவர் பிடிவாதத்துக்கு எதிராக. நாங்கள் போனபின் அவர் எங்கே இருப்பார் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. இவருக்கும் தோன்றவில்லை போல. கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி தாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"ஏன் இப்ப அழுறீர்? நல்ல தண்ணி இருக்கெல்லோ? தேத்தண்ணி வையும். எனக்குச் சீனி போடாமல்."

வைத்தேன். ஐந்து கோப்பை.